நிலவேம்புக்குக் கோபம் வருவதற்குள்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், கூலாயில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு ஓர் எதிரி இருக்கிறார். இதை எழுதும்போதும் அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஏர்கோன் குளிரைப் பதினாறு டிகிரியில் வைத்துக்கொண்டு.

அவர் மரபணுக்கார டாக்டரம்மா, நான் வேதியியல்காரன். இருவருக்கும் ஒரே செடி: நிலவேம்பு. அதன் கசப்பை எந்தெந்த மரபணுக்கள் உண்டாக்குகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். மாமாக் சாப்பாட்டுக் கடையை வைத்துச் சொன்னால், சமையல்கட்டுக்குப் போகிற ஆர்டரைப் படிப்பவர் அவர். தட்டில் வந்து விழுந்ததை அளப்பவன் நான். பக்கத்து ஊர் தம்போயில் என் மாமியார் அக்கம்பக்கத்தில், "மருமகன் இலை அரைக்கிறாரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். என் முனைவர் பட்டத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பகையைத் தொடங்கியது அவர்தான். வந்த முதல் வாரமே என் எந்திரம் வரைந்த கோடுகளைப் பார்த்து, "என்னண்ணே இது, மலை மலையா இருக்கு? பிள்ளைங்க கிறுக்கின மாதிரி?" என்றார். அடுத்த கூட்டத்தில் அவர் பேசி முடிக்கும்வரை நான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டேன். பாதி கொட்டாவி நிஜம், பாதி உழைப்பு.

அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஆய்வகத்துக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் செடிகள் நின்றன. காலையில் அவற்றின்மேல் ஒரு மருந்து தெளிப்பார்கள். பூச்சி கடித்துவிட்டது என்று செடி ஏமாந்து, கோபப்பட்டு, கசப்பைக் கூட்ட வேண்டும், அதுதான் சோதனை. அவர் மதியம் வந்து இலை பறிப்பார் என்று தெரிந்ததால், நான் மருந்தின் ஈரம் காய்வதற்குள் பறித்துக்கொண்டு ரொட்டி சானாய் தின்னப் போய்விடுவேன்.

எங்கள் முடிவுகள் மேசைக்கு வந்தன. மரபணுக்கள் கூச்சல் போடுகின்றன என்றார் அவர். கசப்பு துளிகூட ஏறவில்லை என்றேன் நான்.

"ஆர்டர் குவிஞ்சிருக்குன்றாங்க, தட்டு காலியா இருக்கு. யாரு பொய் சொல்றா?" என்று கேட்டேன்.

"தட்டக் கழுவத் தெரியாதவங்கதான்."

எங்கள் தலைவி மலாய்க்கார அம்மையார், அதிகம் பேசாதவர். அடுத்த ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தத்துக்குத்தான் நிதி இருக்கிறது, யார் கணக்கு தப்போ அவர் போகலாம் என்று மட்டும் சொன்னார். இந்த வேலை போனால் எனக்குச் சிங்கப்பூர் வேலைதான். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். எனக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பயம். எதிரியை ஒழித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரும் அதே முடிவில் இருந்தது நடையிலேயே தெரிந்தது.

தலைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இருவரும் சேர்ந்து பறிக்க வேண்டும். ஒரே இலை, ஒரே நொடி, ஆளுக்குப் பாதி. காலை, மதியம், மறுநாள், அதற்கும் மறுநாள்.

எனவே ஒரு செடிக்கு இருபுறமும் இரண்டு எதிரிகள் குந்தினோம். நடுவில் திரவ நைட்ரஜன் புகைந்தது. பறித்த இலை மாறிவிடுவதற்குள் அதில் போட்டு உறைய வைக்க வேண்டும். இலை நுனியை நான் பிடிக்க, நடு நரம்போடு அவர் கத்தரிக்கோலை ஓட்டினார்.

"அண்ணே, விரல எடுங்க. வெட்டிட்டா அதோட மரபணுவையும் நான்தான் படிக்கணும்."

"படிங்க டாக்டரம்மா. அதுவாச்சும் உங்களுக்குப் புரியுதான்னு பாப்போம்."

"உங்க பாதி பெருசா இருக்கு."

"அலமாக்! வெட்டினது நீங்கதான் லா!"

மூன்று நாளும் இப்படியே. பிறகு முடிவு வந்தது. தெளித்த உடனே ஒன்றுமில்லை. மதியம் மரபணுக்கள் கத்துகின்றன, கசப்பு அசையவில்லை. மறுநாள்தான் கசப்பு ஏறத் தொடங்குகிறது. அதற்கடுத்த நாள் அது உச்சியில், மரபணுக்கள் அமைதியாகிவிட்டன. ஆர்டருக்கும் தட்டுக்கும் நடுவே அவ்வளவு நேரம். இரண்டு கணக்கும் சரிதான். செடிக்குக் கோபம் வருவதற்குள் நான் ரொட்டி தின்னப் போயிருக்கிறேன். அது கோபத்தைக் காட்டுவதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு மூன்று நாள் சேர்ந்து நின்றிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

யாரை அனுப்புவது? தலைவி யோசித்தார். ஒருவர் கணக்கில்லாமல் மற்றவர் கணக்குக்கு அர்த்தமில்லை. ஆகவே ஓராண்டு ஒப்பந்தத்தை நடு நரம்போடு வெட்டி ஆளுக்கு ஆறு மாதம் கொடுத்தார். அதற்குள் கட்டுரையைச் சேர்ந்து எழுதி முடித்தால் நீட்டிப்பாராம். சேர்ந்து எழுத வசதியாக ஒரே அறையையும் கொடுத்துவிட்டார். வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம் என்று சில நேரம் தோன்றுகிறது.

கட்டுரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. யார் பெயர் முதலில் என்பதில்தான் நிற்கிறது.

"ஆர்டர் போகாம சோறு வருமாண்ணே?" என்கிறார்.

"சோறே வராத கடையில எவன் ஆர்டர் கொடுப்பான்?" என்கிறேன்.

ஆறு மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் குளிர்கிறது. ஏர்கோன் ரிமோட் அவர் கைப்பையில் இருக்கிறது.