கருடனுக்கு நான் படைத்த மீன்கள்

சுரபுன்னை வேர்களுக்கு நடுவே தண்ணீர் வடிந்ததும் எழும் சேற்று வாடை, எழுபத்து மூன்று வயதிலும் எனக்குக் கணக்குப் பரீட்சையைத்தான் நினைவுபடுத்துகிறது. அப்போது கிள்ளையில் இருந்தோம். எட்டாம் வகுப்பில் நான் தவறினால் சேத்தியாத்தோப்பு மாமாவின் அரிசி ஆலைக்கு அனுப்பிவிடுவதென்று அப்பா முடிவே செய்திருந்தார். "ஒம்பது ஞாயித்துக்கெழம கருடனுக்கு ஒரு வாய் போடு, தேறிடுவ" என்றாள் அம்மா. எங்களுடையது மீன் நுழையாத வீடு. ஆகவே தயிர்சோற்று உருண்டைகள் மூன்றைக் கொடுத்தனுப்பினாள். மூன்றையும் காகங்கள் தின்றன.

அன்றைக்கே பிச்சாவரத்துக் கால்வாயின் எதிர்த்திட்டில் ஒரு நீர்நாய் மடவை மீனைக் கவ்விக்கொண்டு கரையேறியது. மூன்று குட்டிகள் ஓடிவந்தன. மீனைக் கீழே வைத்ததுதான் தாமதம், எங்கள் ஊரில் "கருடன்" என்று கும்பிடும் செம்பருந்து சரிந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. அது நான் படைத்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நீர்நாய் உஷாராகி மீனின்மேல் படுத்துக்கொள்ளவே, சேற்றுக் கட்டியை எடுத்து வலக்கையால் வீசி எறிந்தேன். அது மிரண்டு தண்ணீரில் விழ, பருந்து மீனை எடுத்துக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

உடன் வந்தவன் என் வகுப்புத் தோழன் கரீம். "என்னா மச்சான், ஒன் சாமி திருடித் திங்குது?" என்று முதலில் சிரித்தான். ஐந்தாம் வாரம் குட்டிகள் இரண்டுதான் இருந்தன. ஏழாம் வாரம் ஒன்று. எண்ணிச் சொன்னவனே நான்தான்.

"உட்டுடு மச்சான். இந்த ஒண்ணாவது பொழைக்கட்டும்."

"இன்னும் ரெண்டு வாரந்தான்டா."

எட்டாம் ஞாயிறு கரீம் வரவில்லை. ஒன்பதாம் ஞாயிறு குட்டியே இல்லை. தாய் மட்டும் மீனோடு ஏறி, அதைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது. நான் எறிந்தேன்.

கணக்கில் நாற்பத்தொன்று வாங்கித் தேறினேன். வாரத்துக்கு ஒரு மீன் போனதாலா குட்டிகள் செத்திருக்கும், நரி தூக்கியிருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துக்கொண்டேதானே எறிந்தேன்.

போன மாதம், 2009 மே விடுமுறையில், மகள் பிச்சாவரத்துக்குப் படகில் அழைத்துப்போனாள். நீர்நாய் உண்டா என்று கேட்டேன். "இப்ப எங்க சார், கண்ணுலயே படறதில்ல. பருந்துதான் ஜாஸ்தி" என்று படகோட்டி மேலே காட்டினார். நான்கு இருந்தன. மகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்னப்பா, கும்பிடலயா?" என்றாள். தோள் வலி என்றேன். வலது தோள் என்று வேறு சொன்னேன்.