அரக்கு வைத்த பலகை

முத்திரையிட்ட அரசுப் பொருள் எதையும், உரிய அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதியின்றித் திறக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த விதியை நான் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அது மீறப்பட்டதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. மீறியவர் அம்மா, கையில் வெங்காயம் அரியும் கத்தி.

குந்தாவுக்கு மேலே, ஓர் அணையை ஒட்டிய முகாமில் அப்பாவுக்கு வேலை. அணை கட்டிய காலத்தில் யாரோ ஒரு பொறியாளர் ஆசைப்பட்டு வரவழைத்த பாய்மரப் படகு அங்கே இருந்தது. இரண்டு பேர் படுக்கும் சின்ன அறையும், கை கழுவ ஒரு தொட்டியும் உள்ளே உண்டு. பொறியாளர் ஊருக்குப் போய்விட்டார். படகு சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஏறிய பொருளுக்குக் காவலாள் வேண்டும் என்பதால், அம்மாவின் தம்பிக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். படகு இருக்கும்வரை மாமா இருப்பார். படகு போனால் அவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவே.

படகு நாறியது. முதலில் பழைய மரத்தின் பூஞ்சை வாடைதான். அடுத்த வருடம் அது செத்த எலியாகி, அதற்கடுத்த வருடம் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றாகியது. யாராவது அதிகாரி வந்தால் மாமா உள்ளே யூகலிப்டஸ் தைலம் தெளிப்பார். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ஆடு கட்டிய மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் படகை ஏலம் விடலாமா என்று பார்க்கச் சித்திரையில் ஒரு குழு வரும் என்று உத்தரவு வந்தது.

நாற்றம் அடிப்பலகைக்குக் கீழே இருக்கலாம் என்று மாமாவுக்குச் சந்தேகம். அங்கிருந்த பித்தளைச் சாமான் ஒருமுறை திருட்டுப் போனதிலிருந்து பலகை இடுக்கில் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். திறக்க அனுமதி கேட்டு, பொங்கல் முடிந்த கையோடு மாமா எழுதினார். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினார். அதற்கும் இல்லை. மெத்தையைக் காயவைத்தார், படகின் பாயை அவிழ்த்துத் துவைத்தார், சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நாற்றம் மட்டும் சுத்தமாக, தெளிவாக வந்தது.

குழு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா படகில் ஏறினாள். கையில் வெந்நீர் பிளாஸ்க்கும், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகளும்.

"பொடி போட்ட மூக்குல இத்தனை நாளா எதைடா மோந்து பாத்தே?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன்கா."

"எல்லாத்தையும் ஒண்ணா பாத்தா எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணாப் பாக்கோணும்."

துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மெத்தையில் தேய்த்தாள். கரைக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். அடுத்த துண்டு பாய்க்கு, அதற்கடுத்தது சுவருக்கு. படகுக்குள் எல்லாமே நாறும், வெளிக்காற்றில்தான் வித்தியாசம் தெரியும் என்றாள். நானும் பின்னால் ஓடி ஓடி ஒவ்வொன்றையும் முகர்ந்தேன். கை கழுவும் தொட்டியின் ரப்பர் குழாயில் தேய்த்த துணி நாறியது. மாமா அதை அறுத்தெறிந்துவிட்டுத் தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினார். கதவை மூடிவிட்டு, கரையில் கரியடுப்பு மூட்டி டீ குடித்து வந்து திறந்தோம். பாதி போயிருந்தது. மீதி போகவில்லை.

கடைசித் துண்டைப் பலகை இடுக்கில் விட்டு எடுத்தாள் அம்மா. கரைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அரக்கை ஒடச்சா என்னைய உள்ள தள்ளிருவாங்கக்கா."

"ஒடைக்கறேன்னு ஆரு சொன்னா?"

கத்தியைக் கரியடுப்பில் காட்டி, தோசையைத் திருப்புவதுபோல முத்திரையை முழுசாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

பலகையைத் தூக்கினோம். அதற்குக் கீழே, படகின் குறுக்குச் சட்டங்களில் சிறு துளைகள் இருக்கும். எங்கே தண்ணீர் கசிந்தாலும் அவற்றின் வழியே பள்ளத்துக்கு ஓடிவிடும், அங்கிருந்து இறைத்துவிடலாம். அந்தத் துளைகளைக் கறுப்புக் களி ஒன்று அடைத்திருந்தது. தண்ணீர் ஓடாமல் வருடக்கணக்காக நின்று அழுகியிருந்தது. மாமா ஒரு கை அள்ளினார். களிக்குள் நீளநீளமாக இலை நரம்புகள்.

அந்த இலைகளை எனக்கு நன்றாகத் தெரியும். பூஞ்சை வாடை போகட்டும் என்று யூகலிப்டஸ் இலைகளை மாமாவுடன் நானும் பொறுக்கியிருக்கிறேன். அவர் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். நாற்றம் கூடக்கூட, இலையும் கூடியது.

"வாசமா இருக்கட்டும்னு போட்டேன்கா."

"இருக்குது இருக்குது. அள்ளு."

களியை அள்ளி, துளைகளைக் கம்பியால் குத்தி, ஊற்றிய தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடையில்லாமல் ஓடும்வரை கழுவினோம். கரியடுப்புச் சூட்டில் காயவைத்து, சாயங்காலம் பலகையை மூடினோம். முத்திரை பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

குழு வந்தது. பெரியவர் தலையை உள்ளே விட்டு இரண்டு முறை இழுத்து முகர்ந்தார்.

"என்னப்பா, நல்லாத்தானே இருக்குது? எதுக்கு ஏலம்?"

அவர்கள் ஜீப் வளைவில் மறைந்ததும் மாமா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொடி டப்பாவைத் திறந்தார், பார்த்தார், மூடிப் பையில் போட்டார். அம்மா அன்று கேசரி கிண்டினாள்.

அனுமதிக் கடிதம் பிறகு வந்தது. ஸ்டோர் குமாஸ்தா ஒருவர் முன்னிலையில் முத்திரையை உடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அம்மா ஒட்டிய அரக்கை முறைப்படி உடைத்தார். குமாஸ்தா குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, நாத்தம் எங்கீங்க?"

"தொறந்ததும் காத்தோட போயிருச்சுங்க."

நாம்தான் அன்றைக்கே திறந்தோமே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா ஒரு கைப்பிடிப் பொரியை என் வாயில் அடைத்தார். திறந்த பலகையை எதற்காக மறுபடி திறக்கிறார்கள், பெரியவர்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்படிப்பட்ட கடிதங்களை எழுதும் மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது: காகிதத்தைப் பொறுத்தவரை, அனுமதி வரும்வரை அம்மா செய்த வேலை நடக்கவே இல்லை. அது நடந்தது படகில் சந்தனம் பூசி, பொரி வைத்துக் கும்பிட்ட நாளில். பதில் வந்த ஆயுத பூஜை அன்று.