தலை தெரியாத யானை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் வலது கண் போன ஆடியிலேயே போய்விட்டது. தை பிறந்ததும் இடது கண்ணிலும் நிழல் விழுகிறது என்றார். விழித்திரை பிரிந்து வருகிறது, இரண்டொரு நாளில் ஆபரேஷன் செய்யாவிட்டால் இதுவும் போய்விடும் என்றார் டாக்டர்.

துடியலூரில் லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்ற மனுஷன். உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டாமா? அம்மன் கோயிலுக்குப் பூ கேட்கப் போனார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால்தான் உத்தரவு. எங்கள் வீட்டில் கல்யாணமானாலும் கிணறு வெட்டினாலும் அப்படித்தான்.

சிவப்பு வந்தது.

"ஆத்தா வேண்டாங்கறா. உட்ரு அம்மணி" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! அழுதேன். திட்டினேன். இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மனுஷன் அசையவில்லை.

நாலாம் நாள், "கண்ணு இருக்கறப்பவே காட்டுல ஒரு யானையப் பாத்துப்போடோணும்" என்றார். சாகப்போகிறவர் கடைசி ஆசையைச் சொன்ன மாதிரி இருந்தது. மறுநாளே முதுமலைக்குக் கூட்டிப்போனேன்.

வனத்துறை வேனில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மான், மயில் என்று மற்றவர்கள் கத்தும்போதெல்லாம் இவரும் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டினார். மான் நின்றது இடது பக்கம். இவர் பார்த்தது வலது பக்கம். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, 'ஆத்தா, ஒரே ஒரு யானையைக் காட்டு. இந்த ஆசையாவது தீரட்டும்' என்று வேண்டினேன். கண்ணைக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு திருப்பத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். இவருடைய ஜன்னலுக்கு நேரே, பத்தடியில், ஒரு கொம்பன் யானை. இவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதோரம் கேட்டார்.

"அம்மணி, காலு தெரியுது. வயிறு தெரியுது. தலை எங்க?"

யானையின் தலை எதிரே முழுசாகத்தான் இருந்தது; அந்த நிழல் அவர் கண்ணின் மேல்பாதியை மூடிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். "பயமா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயரலாம்" என்றார். "ஏனுங்க, பூவு?" என்றேன்.

"ஆபரேசன்னா எனக்கு பயம். செவப்பு வரோணும்னு நெனச்சுட்டேதான் எடுத்தேன்."

மறுநாளே ஆபரேஷன். தாமதித்துவிட்டதால் பாதிப் பார்வைதான் மிஞ்சியது. பட்டறைக்கு இனிப் போக முடியாது. சில நாள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அதை மறைத்து நான் ஆத்தாவுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று யானை முழுதாகத் தெரிந்திருந்தால், ஆசை தீர்ந்ததென்று வீட்டுக்கு வந்து படுத்திருப்பார். நான் யானையைக் கேட்டேன். ஆத்தா தலையை மறைத்துக் காட்டினாள். ஆயுசுக்கும் அவளைக் கும்பிடுவேன். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக நாங்கள் பூ கேட்பதில்லை. துணைக்கு வா தாயே என்று கூப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள், சொந்தங்களே. வருவாள்.

போன வெள்ளிக்கிழமை காபி கொடுத்தேன். முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் அம்மணி, பொட்டு வெக்கலையா?" என்றார். அடுப்படிக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.