தாய்லாந்துக் கடையில் மடித்த இலை

பெரம்பலூரில் ஒரு காலத்தில் தாய்லாந்து சாப்பாட்டுக் கடை இருந்தது என்று சொன்னால் என் ஆபீசில் சிரிக்கிறார்கள். இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், நாலு மேஜை போட்ட சின்னக் கடை. தாய்லாந்தில் பல வருடம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் நடத்தினார். அங்கே ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டேன், ஒன்பது வயதில்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குப் போயிருந்தார். அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. சின்ன வயதிலிருந்தே இளைப்புக்காரர், மழை என்றால் மூச்சு இழுக்கும். அவருக்கு ஏஜெண்டைப் பிடித்துக் கொடுத்தது அப்பா. போன புதிதில் மாமா தினமும் பேசினார். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு நாங்கள் கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது, கடைசியில் அதுவும் நின்றுபோனது. ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் யாரோ செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக அம்மா சோற்றில் கை வைப்பதும் எழுந்து போவதுமாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் ஆண்டிமடம் சந்தையில் யாரோ இந்தக் கடையைப் பற்றி அவளிடம் சொன்னார்கள். தாய்லாந்தில் இருந்தவர் என்றால் அங்கே உள்ளவர்களைத் தெரியாமலா போகும் என்று நம்பினாள். எங்கள் ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் யார் வீட்டையும் காட்டுவார்கள். தாய்லாந்தையும் அவள் அந்த அளவில்தான் வைத்திருந்தாள்.

"அங்க போயி என்ன ஆவப் போவுது?" என்றார் அப்பா.

"சாப்புட்டுட்டாவது வரலாங்க. அவன் என்னத்தத் திங்கிறான்னு நான் பாக்கணும்."

அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கோ ஹோட்டல் சாப்பாடு என்கிற ஒன்றே போதுமானதாக இருந்தது. அரியலூரில் பஸ் மாறும்போதே பசிக்கிறது என்று ஆரம்பித்துவிட்டேன்.

கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார், பிறகு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். முழு வாழை இலை போட்டார். "நம்ம ஊரு ஆளுங்க இலையப் பாத்தாதான் உக்காருறாங்க" என்று எனக்குச் சொல்லிச் சிரித்தார். அம்மா, அங்கே ஆட்கள் தினமும் சாப்பிடுவது எதுவோ அதையே வைக்கச் சொன்னாள்.

சோறு வந்தது, துளசி போட்டு வதக்கிய கோழி வந்தது, தேங்காய்ப்பால் குழம்பு வந்தது. கோழியில் துளசியா என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் கோழிக்கால் மிதப்பது போல இருந்தது எனக்கு. அம்மா சிரிக்கவில்லை. குழம்பை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

"இது சித்தரத்தை வாசமில்ல?"

"அதே மாதிரிதாங்க அக்கா. அங்க எல்லாக் கொழம்புலயும் போடுவாங்க."

அம்மாவின் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன், பல நாளைக்கு அப்புறம். "துளசி, சித்தரத்தை எல்லாம் போடுறாங்கங்க. அப்ப அவனுக்குச் சளி புடிக்காது" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை நிமிர்த்தாமல் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் இடது கையால் போனை எடுத்து மாமாவின் போட்டோவைக் காட்டினாள். "எந் தம்பிங்க. எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

கடைக்காரர் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே அப்பாவைப் பார்த்தார். "பெரிய ஊரு அக்கா அது. சில கம்பெனியில போனை வாங்கி வச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். எங்கள் டம்ளர்கள் நிறைந்தே இருந்தன.

சாப்பிட்டு முடித்தோம். அப்பா தன் இலையைத் தன் பக்கத்து விளிம்பில் பிடித்து, எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தார். எனக்குக் கல்யாணப் பந்திதான் தெரியும். மேல் பாதியை நம் பக்கமாக மடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். "அப்பாவுக்கு இலை மடிக்கவே தெரியல" என்று கைகொட்டிச் சிரித்தேன்.

அம்மா அந்த இலையைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. அப்பா தன் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையை நீட்டி அந்த இலையைப் பிரித்தாள். குழம்பு மேஜையில் வழிந்தது. அதை அப்பாவின் பக்கமாகத் திருப்பி மடித்து, மேலே தன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் வந்து "விடுங்கக்கா, நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

சாவு வீட்டுச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கம் மடிப்பார்கள் என்பது, பிறகு ஒரு கருமாதிக்கு என்னை அழைத்துப்போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றதை அப்பா வெகுகாலம் கழித்துச் சொன்னார். மாமாவோடு போன ஒருவன் அந்த ஊர் ஆஸ்பத்திரி நம்பர் ஒன்றை அவருக்கு அனுப்பியிருக்கிறான். எங்களோடு வருவதற்கு முந்தைய வாரமே, அந்தப் பாஷை தெரிந்தவர் என்று இதே கடைக்காரரைத் தேடிவந்து, அப்பா போனைக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் பூட்டிவைத்த அறைக்குள் மருந்தில்லாமல், மூச்சு இழுத்து இழுத்தே மாமா இறந்துபோனதை அந்த மேஜையில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார். அதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கை சொல்லிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. போகும்போது மாமாவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்த அம்மா, வரும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதில் அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். எனக்கும் வந்தது. குழம்பு வாசம் போகாத அவள் கையை இழுத்து என் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆண்டிமடம் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.