மெஷினுக்குப் போன மறுப்பு

கொல்கத்தாவில் கம்ப்யூட்டர் வேலை எதையும் துர்கா பூஜை விடுமுறைக்குத் தள்ளிவைப்பார்கள். ஆபீஸ் காலி, மெயிலும் குறைவு. டாக்குரியா பக்கம் நான் மெயில் சர்வர் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியிலும் அதே வழக்கம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பூஜை விடுமுறை கிடையாது என்பது எங்கள் மேனேஜர் சென் தாதாவுக்கு உறைக்கவில்லை. தாதா என்றால் அங்கே அண்ணன்.

பூஜை களைகட்டத் தொடங்கும் சஷ்டி காலையில் சர்வருக்குப் புது வெர்ஷன் ஏற்றினோம். மதியம் லேப் இன்சார்ஜ் விஜயா அக்கா போன் செய்தார். தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால்தான் வங்காளம் கலக்காத தமிழ் வரும்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கே? கிட்னி பேஷண்டோட பொட்டாசியம் ரிப்போர்ட். உடனே டயாலிசிஸ் வேணுமான்னு டாக்டர் காத்துண்டிருக்கார். மெஷின் அனுப்பியாச்சுங்கறது, அவருக்கு வரலே!"

"மொதல்ல ரிசல்ட்டை அவர்கிட்ட போன்ல சொல்லிடுங்கோ அக்கா. நான் பாக்கறேன்."

சர்வர் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் பதிவைத் திறந்தேன். காலையிலிருந்து லேப் மெயில் அத்தனையும் மறுக்கப்பட்டிருந்தது. மெயிலில் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளோடு முடியவேண்டும் என்பது விதி. லேப் மெஷின் ஒரு குறியோடு நிறுத்திக்கொள்ளும். பழைய சர்வர் இதைக் கண்டுகொண்டதே இல்லை. அந்த ஓட்டை வழியாக ஒரு மெயிலுக்குள் இன்னொரு போலி மெயிலை நுழைக்கலாம் என்பதால் புது வெர்ஷன் ஏற்காது. அது செய்தது சரிதான்.

சென் தாதா பூஜைப் பந்தலில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் டாக் மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"ஆரே பாபா, அந்தச் சோதனையையே ஆஃப் பண்ணிடு!"

"முடியாது தாதா. ஊர்ல இருக்கற திருடனுக்கெல்லாம் கதவைத் திறந்த மாதிரி ஆகும். லேப் மெஷினுக்கு மட்டும் விலக்கு தரேன். வரி முடிவை உள்ளே வரும்போதே திருத்திக்கலாம்."

அப்படியே செய்தேன். ரிப்போர்ட் மெயிலில் போய்ச் சேர்ந்தபோது நோயாளிக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. அக்கா போனில் சொன்னதால்தான்.

சர்வர் மறுத்தது யாருக்குமே ஏன் தெரியவில்லை? தேடிப் பார்த்தேன். மறுப்புத் தகவல் ஒழுங்காக, அனுப்பியவர் முகவரிக்கே போயிருந்தது. முகவரி மெஷினுடையது. அந்த மெயில்பாக்ஸை யாரும் திறந்ததே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதி மீறிய மெயிலை மறுப்பதா, திருத்தி வாங்குவதா என்பது இடத்தைப் பொறுத்தது. மறுத்தால், அது ஒரு மனிதர் காதில் விழவேண்டும்.

அன்றே அந்த மறுப்புத் தகவல்களை அக்காவின் போனுக்கும் திருப்பிவிட்டேன். தசமிக்கு மறுநாள் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார்.

"உன் சர்வர் திட்டறது இப்ப எனக்கும் கேக்கறதுப்பா. நிம்மதியா இருக்கு."