சிவப்பு நூல் கட்டிய சக்கரங்கள்

சீனாவில் டொங்குவான் நகரத்துக் கேபிள் பட்டறையில் சாய்லியன் சேர்ந்து பத்தொன்பது வருஷம். மலையூரில் நாலாம் வகுப்போடு நின்றவள். கம்பிக்குள் சேதி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பி போகிறதே, எல்லாவற்றையும் ஒரே நெருக்கத்தில் முறுக்கினால் ஒன்றின் பேச்சு மற்றதில் கலந்துவிடும், அதனால் ஜோடிக்கு ஜோடி முறுக்கு மாற வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து அவள் ஓட்டிய மூன்று சுருளும் சோதனையில் தோற்றுவிட்டன.

மேஸ்திரி மோ சோதனைச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "என்னக்கா இது? பச்சை ஜோடி பேசினா பழுப்பு ஜோடிக்குக் கேக்குது. கேபிள் திரிச்சீங்களா, சந்தைக்கடை போட்டீங்களா?"

"சுத்தமாத் துடைச்சு எண்ணெய் போட்டுத்தானே ஓட்டினேன், மேஸ்திரி."

"நாலாவதும் போச்சுன்னா முதலாளி உங்களை வெச்சிருக்க மாட்டாரு. அப்புறம் என்கிட்ட அழாதீங்க."

வேலை போனால் பட்டறை கொடுத்த அறையும் போகும். கை கால் ஒரு பக்கம் விழுந்துபோன புருஷன் தேஃபு அங்கேதான் படுத்திருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

"குவான்யின் தாயே, கைவிட்டுடாதே" என்று முனகியபடி, தோற்ற சுருளில் ஒரு முழம் வெட்டி உறையைக் கிழித்தாள். பச்சை ஜோடியில் ஒரு சாணுக்கு எத்தனை முறுக்கு என்று நகத்தால் எண்ணினாள். பதினாலு. பழுப்பில் எண்ணினாள். அதுவும் பதினாலு.

கம்பியைப் போட்டுவிட்டு இயந்திரத்தின் சக்கரங்களைப் போய்ப் பார்த்தாள்.

முறுக்கின் நெருக்கத்தை முடிவு செய்வது பல்சக்கரம். ஜோடிக்கு ஒன்று, அதற்கு மாற்று ஒன்று, ஆக நாலு ஜோடிக்கு எட்டு. அவற்றில் வெட்டிய எண்கள் தேய்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தந்த ஜோடியின் நிறத்தில் கட்டிய நூல்தான் அடையாளம். புத்தாண்டுக்கு முன் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவியபோது, அழுக்கு நூல்களை அவளேதான் அறுத்தெறிந்தாள். நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு எட்டிலும் சிவப்பு நூல் கட்டினாள். பழுப்பு ஜோடியை முறுக்கும் இயந்திரத்தில் பச்சையின் மாற்றுச் சக்கரம் ஏறிவிட்டது.

பல்லை எண்ணிச் சரியானதை மாட்டி ஓட்டினாள். நாலாவது சுருள் தேறியது.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் அடுத்த ஷிப்ட்டில் ஒருத்தி சக்கரம் மாற்றுவாள். பழி அவள் தலையில் விழும்.

"மேஸ்திரி, தப்பு என்னோடது. சாமிக்குன்னு சிவப்பு நூல் கட்டினேன். அடையாளத்தை நானே அழிச்சுட்டேன்."

மோ நெற்றியில் அறைந்துகொண்டார். "தேறின பிறகு எதுக்குக்கா சொன்னீங்க? இப்ப நான் மறைக்க முடியுமா?"

மோ அவளை மாடிக்குக் கூட்டிப்போனார். முதலாளி தலை நிமிரவில்லை. "மூணு சுருள் குப்பை. இன்னியோட வேலை சரி. மாசக் கடைசி வரைக்கும் அறையில இருந்துக்கோங்க."

"ஐயா, அவரால நடக்க முடியாது. அவரை மட்டுமாவது—"

"கீழே போங்கம்மா."

ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. சாய்லியன் இறங்கி வந்து சிவப்பு நூல்களை அறுத்தாள். கண்ணீர் கண்ணை மறைத்ததால் பற்களை இரண்டு முறை எண்ணி, பழுப்புச் சக்கரத்தில் பழுப்பு நூலைக் கட்டினாள். பிறகு பச்சையை எடுத்தாள்.