சிற்றரசன் வீட்டுப் பின்வாசல்

பதினோராம் வகுப்பில் வரலாற்று மாதிரி செய்யச் சீட்டுக் குலுக்கினார்கள். மற்றவர்களுக்குச் செங்கோட்டை, செஞ்சி என்று வந்தது. எனக்கு வந்தது ஜப்பான்: கடலோரத்தில் ஒரு குட்டிச் சிற்றரசு, அதைத் தலைமுறைகளாக ஆண்ட ஒரு சாமுராய்க் குடும்பம்.

சுனாமிக்குப் பிறகு அந்தமானின் ஹட் பேயில் எங்கள் பள்ளி தகரக் கொட்டகையில் நடந்தது. நூலகப் புத்தகங்கள் கடலோடு போயிருந்தன. எங்கள் வங்காளி சார் போர்ட் பிளேயரில் சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்து வந்து தந்தார். அங்கே நடக்கும் கண்காட்சிக்கு ஒரு மாதிரியும் அதைச் செய்தவரும் மட்டும் கப்பலேறலாம். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான்.

களிமண்ணால் குன்று செய்து உச்சியில் சிற்றரசன் வீட்டைக் கோட்டைபோல வைத்தேன். கீழே வயல்கள். வெள்ளிக்கிழமை சார் பார்த்தார்.

“அரே, கலத் ஹை!”

தவறாம். இவ்வளவு சிறிய அரசனுக்குக் கோட்டை கட்ட அனுமதி கிடையாது. இவன் வீடு கீழே, வயலை ஒட்டி இருந்தது. பக்கங்களைப் படித்தாயா என்று கேட்டார். பாதிதான் படித்திருந்தேன். மீதி எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். கப்பல் திங்கட்கிழமை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவள். “தொரை பங்களா மேட்டுலதானே புள்ள இருக்கும்? மேல இருந்து நம்ம லயத்தப் பாக்க வேணாமா அவனுக்கு?”

என் குன்று எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மீதிப் பக்கங்களை அவளுக்குப் படித்துச் சொன்னேன். இவனுக்கும் மேலே ஒருவன் தலைநகரில் இருந்தான். ஓராண்டு விட்டு ஓராண்டு அங்கே போய்க் கிடக்க வேண்டும். மனைவியும் மூத்த மகனும் எப்போதும் அங்கேயே.

“பொண்டாட்டி புள்ளயப் புடிச்சி வச்சிருக்கானா? அப்ப இவன் என்ன தொரை? தொரைக்குக் கீழ நிக்கிற கங்காணி!” என்றாள் அம்மா.

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். “கடலோரத்துல கீழ வீடு. தண்ணி வந்தா ஒன் கங்காணி எங்குட்டு ஓடுவான்?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்தேன். வீட்டைப் பெயர்த்துக் கீழே வைத்தேன். மண்மதிலும் வாசலும் எழுப்பினேன். குன்றை இடிக்கவில்லை. பின்வாசலிலிருந்து உச்சிவரை, சிப்பி நொறுக்கி ஒரு பாதை போட்டேன்.

திங்கள் காலை கப்பல் துறையில் சார் பக்கங்களை வைத்துக்கொண்டு விரலால் சரிபார்த்தார். வீடு சரி. மதில் சரி. விரல் பாதையில் நின்றது.

“யே கஹாங் லிக்கா ஹை?”

“எங்கயும் எழுதலை சார்,” என்று இந்தியில் சொன்னேன். “கடலோர ஊர். பின்னால மேடு இருக்கு. வழி போடாமலா இருந்திருப்பாங்க?”

அவர் சுனாமியில் உடைந்து கிடந்த அலைத்தடுப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து மாதிரியின் ஒரு முனையைப் பிடித்தார்.

“உட்டாவ்.”

மறுமுனையை நான் தூக்கினேன். கப்பல் படியில், பின்வாசல் பக்கம் சாய்க்காதீர்கள் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.